நாயகியின் கையில் இருக்கும் பொருள்: குறியீடுகளின் வழியே ஒரு பாத்திரத்தை அறிவது எப்படி?

ஒரு நாவலின் நாயகியைப் பற்றி நமக்குப் பல வழிகளில் செய்தி கிடைக்கிறது. அவளே பேசுகிறாள், மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், கதைசொல்லியும் இடையிடையே தன் கருத்தைச் சொல்கிறார். இந்த மூன்றையும் முழுமையாக நம்பிவிட முடியாது. அவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கலாம், மற்றவர்கள் பொறாமையினாலோ அன்பினாலோ மிகைப்படுத்தலாம், கதைசொல்லி வேண்டுமென்றே ஒன்றை மறைத்து வைத்திருக்கலாம். ஆனால் அவள் ஒரு பொருளை எடுக்கிறாள், ஒளித்து வைக்கிறாள், எரிக்கிறாள், அணிய மறுக்கிறாள் என்று வரும் இடங்களில் வாசகர் யாருடைய சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. அங்கே அவளைத் தாமே நேராகப் பார்த்து முடிவுக்கு வரலாம். நல்ல நாவலாசிரியர்கள் ஒரு பாத்திரத்தின் ஆழமான பகுதிகளை இத்தகைய இடங்களில்தான் வைக்கிறார்கள்.

அந்த இடங்களைக் கண்டுபிடித்து, தொடர்ந்து சென்று, நியாயமான முடிவுக்கு வருவதற்கான வழிமுறையை இங்கே விளக்குகிறேன். நாவலைப் பாடமாகப் படிக்கும் மாணவருக்கும், வாசகர் வட்டத்தில் பேச இருப்பவருக்கும், விமர்சனம் எழுத முனைபவருக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம். முறை முழுவதற்கும் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. ஒரு குறியீட்டைக் கண்டதும் ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று கேட்பதுதான் நம் வழக்கம். அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, ‘இதை அவள் என்ன செய்கிறாள்?’ என்று முதலில் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை நாவலின் கருப்பொருளைப் பற்றியது. நாயகியின் குணத்தைக் காட்டும் விடை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

எது குறியீடு, எது வெறும் பொருள்?

உவமை தான் வந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும். அவள் முகம் நிலவு போன்றது என்று எழுதினால், கதைக்குள் நிலவு ஒன்று இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. குறியீடு அப்படியன்று. அது கதைக்குள்ளேயே இருக்கும் பொருள். கதைமாந்தர் அதைத் தொடலாம், தொலைக்கலாம், விற்கலாம். அது முதலில் பொருளாகவே இருக்கிறது. அதற்கு மேல்தான் இன்னொன்றையும் சுமக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், நாவலில் வரும் அழகான வருணனைகளையெல்லாம் குறியீடு என்று அழைக்கும் பழக்கம் தானாகவே விலகும்.

நாவலில் ஆயிரம் பொருள்கள் வரும். நாற்காலியும் பாத்திரமும் கதவும் இல்லாமல் ஒரு வீட்டை எழுத முடியாது. அவற்றில் பெரும்பாலானவை வீட்டை வீடாகக் காட்டுவதற்காக வருபவை, அவ்வளவே. ஒரு பொருளைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. அது மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். கதையின் நகர்வுக்குத் தேவையானதைவிட அதிகமான சொற்களை ஆசிரியர் அதற்குச் செலவிடுகிறாரா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாயகியின் வாழ்க்கை திரும்பும் இடத்தில் அந்தப் பொருள் அவள் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். இம்மூன்றில் இரண்டேனும் பொருந்தினால் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

தமிழ் வாசகருக்கு இது புதிய பயிற்சி அன்று. சங்கப் பாடல்களில் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை, அதாவது விலங்கு, பறவை, மரம், பூ போன்றவற்றை, நிலைக்களமாகக் கொண்டு, சொல்ல வந்ததை மறைமுகமாக உணர்த்துவது உள்ளுறை என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்திருக்கிறது. மருதத் திணைப் பாடலில் தலைவியோ தோழியோ பொய்கைப் பூக்களைச் சிதைத்து மேயும் எருமையைப் பற்றிப் பேசினால், பரத்தையிடம் சென்று திரும்பிய தலைவனைப் பற்றித்தான் பேசுகிறாள் என்பது கேட்பவருக்குப் புரியும். இதில் நாம் கவனிக்க வேண்டியது எருமைக்கும் தலைவனுக்கும் உள்ள பொருத்தத்தை மட்டுமன்று. அவள் ஏன் நேரடியாகக் குற்றம் சாட்டாமல் எருமையைச் சொன்னாள் என்று கேட்டால், அவளுடைய தன்மானமும் நாகரிகமும், அடக்கிவைத்த சினத்தின் அளவும் தெரிய வருகின்றன. நாவலின் நாயகியையும் இதே கேள்வியோடு அணுகலாம்.

வினைச்சொற்களைக் குறித்துக்கொள்ளுதல்

முதல் வாசிப்பில் எதையும் குறிக்காமல் கதையை மட்டும் படியுங்கள். கையில் பென்சிலோடு தொடங்குபவர் எல்லாவற்றிலும் குறியீட்டைக் காண்பார். இரண்டாம் வாசிப்பில் ஒரு தாளில் பொருளின் பெயர், பக்க எண், அந்த இடத்தில் நாயகி அதைச் செய்யும் வினை, அப்போது யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஆகிய நான்கை மட்டும் எழுதி வாருங்கள். பொருளுக்கான விளக்கத்தை இந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம். வினைகள் வரிசையாகச் சேர்ந்த பிறகு விளக்கம் அவற்றிலிருந்தே எழும்.

இது எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு ஃப்ளோபேரின் ‘மேடம் பொவாரி’ மிகச் சிறந்த சான்று. 1856இல் இதழில் தொடராகவும் 1857இல் நூலாகவும் வெளிவந்த இந்நாவலின் நாயகி எம்மா, மருத்துவத் தொழில் செய்யும் சார்லஸுக்கு இரண்டாம் மனைவியாக வருகிறாள். புது வீட்டின் படுக்கையறையில், இறந்துபோன முதல் மனைவியின் மணப்பூங்கொத்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறாள். சார்லஸ் அதை எடுத்துப் பரணுக்குக் கொண்டுபோகிறான். அப்போது எம்மா, தான் இறந்துவிட்டால் தன்னுடைய பூங்கொத்தை என்ன செய்வார்கள் என்று எண்ணிப் பார்க்கிறாள். பல பக்கங்களுக்குப் பிறகு, அந்த ஊரைவிட்டுக் கிளம்புவதற்காக இழுப்பறையை ஒழுங்குபடுத்தும்போது ஏதோ அவள் விரலில் குத்துகிறது. அவளுடைய மணப்பூங்கொத்தின் கம்பி அது. செயற்கை மொட்டுகள் தூசியால் மஞ்சளாகிவிட்டன. பட்டு நாடாக்களின் ஓரம் பிரிந்துவிட்டது. அவள் அதை நெருப்பில் போடுகிறாள். அது எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காகித இதழ்கள் கருகிக் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளாகப் புகைபோக்கி வழியே பறந்து போகின்றன.

அவசரமாகப் படிப்பவர், பூங்கொத்து திருமணத்தின் குறியீடு, அதை எரித்தது மணவாழ்வு முறிந்ததைக் காட்டுகிறது என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். அவர் எழுதியது தவறன்று. ஆனால் அது திருமணத்தைப் பற்றிய செய்தி. எம்மாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இப்போது வினைகளை மட்டும் பாருங்கள். அவள் அந்தப் பூங்கொத்தைத் தேடி எடுக்கவில்லை, அதுதான் அவளைக் குத்தியது. எரிக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருக்கவில்லை, கைக்கு வந்ததும் போட்டாள். போட்டுவிட்டு அகலாமல் நின்று பார்த்தாள். திட்டமிட்டுக் கட்டை உடைத்து வெளியேறும் பெண் அல்லள் அவள் என்பதும், சிறு வலி ஒன்று தூண்டிய கணத்தில் செயல்படுபவள் என்பதும், அழிவைக்கூட ஒரு காட்சியாக ரசிக்கும் மனம் அவளுக்கு உண்டு என்பதும் இந்த மூன்று வினைகளில் இருக்கின்றன. பின்னர் அவள் கடன் வாங்குவதிலும் காதலிப்பதிலும் இதே மூன்றும் திரும்ப வருவதைக் காணலாம்.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு பொருளை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பிரபு ஒருவரின் மாளிகையில் நடந்த நடன விருந்திலிருந்து திரும்பும் வழியில் சார்லஸ் ஒரு சுருட்டுப் பெட்டியைக் கண்டெடுக்கிறான். எம்மா அதை வாங்கி அலமாரிக்குள் மறைக்கிறாள். கணவன் வெளியே சென்றிருக்கும் நேரங்களில் துணி மடிப்புகளுக்கிடையிலிருந்து அதை எடுத்து, திறந்து, உள்துணியில் படிந்திருக்கும் புகையிலை மணத்தை முகர்கிறாள். விருந்தில் தன்னோடு ஆடிய கனவானுடையதுதான் அது என்று அவளே கற்பனை செய்துகொள்கிறாள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தனக்கே உரியதும் தன் வாழ்வில் உண்மையாக நடந்ததுமான பூங்கொத்தை எரிக்கிறாள். யாருடையதென்று தெரியாத, கற்பனையால் மட்டுமே தன்னோடு சேர்ந்த பெட்டியைப் பாதுகாக்கிறாள். எம்மா என்னும் பெண்ணை விளக்க இந்த ஒப்பீட்டைவிடச் சுருக்கமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தனித்த ஒரு பொருளைப் படிப்பதைக் காட்டிலும் இரண்டு பொருள்களை நாயகி எப்படி வேறு வேறாக நடத்துகிறாள் என்று படிப்பது பெரும்பாலும் அதிகப் பலன் தரும். ஆகவே உங்கள் பட்டியலில் எதிரெதிரான வினைகளைப் பெற்ற பொருள்களைத் தேடி இணை சேருங்கள்.

அந்தப் பொருளை அவளுக்குக் கொடுத்தது யார்?

நாயகி தானே தேர்ந்தெடுத்த பொருள், பிறர் அன்பாகத் தந்த பொருள், பிறர் அவள்மேல் திணித்த பொருள் ஆகியவற்றை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். முதல் வகை அவளுடைய விருப்பத்தைக் காட்டும். மூன்றாவது வகைதான் பெரும்பாலும் வளமானது. ஏனெனில் திணிக்கப்பட்ட ஒன்றை ஒருவர் எப்படிச் சுமக்கிறார் என்பதில் அவருடைய வலிமையும் பலவீனமும் ஒருங்கே வெளிப்படும்.

நதானியேல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ இதற்கென்றே எழுதப்பட்டது போன்ற நாவல். பதினேழாம் நூற்றாண்டு பாஸ்டனில், சமயக் கட்டுப்பாடு மிகுந்த சமூகத்தில், கணவன் அருகில் இல்லாத காலத்தில் குழந்தை பெற்றதற்காக ஹெஸ்டர் பிரின் என்பவள் தன் மார்பில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை எப்போதும் அணிய வேண்டும் என்று தண்டிக்கப்படுகிறாள். அவளுடைய குற்றமாகச் சொல்லப்படும் ‘அடல்ட்ரி’ (மணவாழ்வுக்குப் புறம்பான உறவு) என்ற சொல்லின் முதலெழுத்து அது. தண்டனையின் பொருளை முடிவு செய்தவர்கள் ஊர்த் தலைவர்கள். ஆனால் சிறைக் கதவு திறந்து அவள் வெளியே வரும்போது அந்த எழுத்து சிவப்புத் துணியில் தங்க இழையால் நுட்பமான பூவேலைப்பாட்டோடு தைக்கப்பட்டிருக்கிறது. தைத்தவள் அவளே. ஆணையை அவள் மீறவில்லை, ஆனால் ஆணையிட்டவர்கள் எண்ணிய உருவத்திலும் அதை ஏற்கவில்லை. முதலில் கைக்குழந்தையைக் கொண்டு அந்த எழுத்தை மறைக்க முயல்கிறாள். ஓர் அவமானத்தை இன்னோர் அவமானத்தால் மறைப்பதில் பயனில்லை என்று உணர்ந்து குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, முகம் சிவக்க, செருக்கோடு கூட்டத்தை நோக்குகிறாள். மறைக்க எழுந்த கை, விலகிய கை ஆகிய இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். செருக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அவள் வெறும் வீராங்கனை ஆகிவிடுவாள்; அவள் அதைவிடச் சிக்கலானவள்.

இந்த நாவலில் குறியீட்டின் பொருள் மாறிக்கொண்டே போவதையும் பின்தொடர வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல, நோயுற்றவர்களுக்கும் ஏழைகளுக்கும் அவள் செய்யும் பணியைக் கண்ட ஊரார் அதே எழுத்தைத் திறமையுள்ளவள் என்று பொருள்படும் ‘ஏபிள்’ என்ற வேறொரு சொல்லின் முதலெழுத்தாகப் படிக்கத் தொடங்குகிறார்கள். எழுத்தில் மாற்றம் இல்லை, படிப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். அவளோ அந்தப் புதிய மதிப்பை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. பின்னர்க் காட்டில் அவள் அந்த எழுத்தைக் கழற்றி எறிந்து, தலைமுடியை மூடியிருந்த தொப்பியையும் எடுக்கும்போது கூந்தல் தோளில் விழுகிறது. அதுவரை வராத வெயில் காட்டுக்குள் பாய்கிறது. இங்கேயே நிறுத்திவிட்டால் விடுதலையைப் பற்றிய அழகான கட்டுரை ஒன்று கிடைக்கும். ஆனால் அடுத்த பகுதியில் அவள் மகள் பேர்ல், எழுத்து இல்லாத தாயிடம் வர மறுக்கிறாள். ஹெஸ்டர் அதை எடுத்து மீண்டும் அணிந்து, கூந்தலையும் தொப்பிக்குள் மறைத்துக்கொள்கிறாள். கதையின் முடிவில், யாரும் கட்டாயப்படுத்தாத காலத்தில், அவளாகவே அந்த ஊருக்குத் திரும்பி வந்து அதே எழுத்தை அணிந்துகொள்கிறாள். அவமானச் சின்னமாக அவள்மேல் ஏற்றப்பட்டது இப்போது அவளே எடுத்துக்கொண்ட அடையாளம். இந்த ஐந்து இடங்களையும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்காதவரை ஹெஸ்டரைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. குறியீடு எங்கே தொடங்கியது என்பதை மட்டும் வைத்து எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் பாதி உண்மையோடு நின்றுவிடுகின்றன.

பேரெழுத்துக்கு அருகில் இருக்கும் சிறு செய்திகளையும் விட்டுவிடாதீர்கள். ஹெஸ்டர் தையல் வேலை செய்து பிழைக்கிறாள். ஆளுநரின் ஆடைக்கும் இறந்தவரின் போர்வைக்கும் அவளுடைய வேலைப்பாடு தேவைப்படுகிறது. மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவளை யாரும் அழைப்பதில்லை. ஊரின் கடுமையைக் காட்டும் செய்தி இது. அத்துடன், அவள் எதை நாள்தோறும் மௌனமாக விழுங்கிக்கொண்டு வாழ்கிறாள் என்பதையும் காட்டுகிறது.

இல்லாமையும் ஒரு செயல்

ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இருப்பதும், செய்ய வேண்டிய செயலை நாயகி செய்யாமல் விடுவதும் குறிப்பிடத் தக்கவை. வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான், ஏனெனில் இல்லாததைக் கோடிட முடியாது.

சிலப்பதிகாரம் நாவல் அன்று, காப்பியம். ஆயினும் இதைக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த நூல் நம்மிடம் இல்லை. சிலம்பு என்றதும் பாண்டியன் அவையில் உடைபடும் காட்சியே நினைவுக்கு வரும். ஆனால் கோவலன் மாதவியிடம் சென்ற பிறகு கண்ணகியின் தனிமையை அந்திமாலைச் சிறப்புச்செய் காதை சொல்லும்போது, அவளுடைய சிறிய பாதங்களில் சிலம்பு இல்லை என்பதைத்தான் இளங்கோ முதலில் காட்டுகிறார். மங்கல அணியைத் தவிர வேறு அணியை அவள் விரும்பவில்லை. அவள் புலம்பினாள் என்று நீளமாகச் சொல்லாமல் காலில் இல்லாத அணியைக் கொண்டு சொல்கிறார். பின்னர் செல்வம் இழந்து வெட்கத்தோடு திரும்பி வந்த கணவனிடம் அவள் குறை கூறவில்லை. சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அதன் பிறகுதான் மதுரை வருகிறது. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். தன் சிலம்பில் மாணிக்கப் பரல். அவளே அதை உடைத்து மெய்ப்பிக்கிறாள். கழற்றினாள், கொடுத்தாள், உடைத்தாள் என்ற மூன்று வினைகளை அடுத்தடுத்து வைத்தால், அமைதியான மனைவி திடீரென்று வேறொருத்தியாக மாறிவிட்டாள் என்ற பொதுவான கருத்து நிற்காது. தனக்குள்ளதை எப்போது விட வேண்டும், எப்போது விடக் கூடாது என்பதைத் தானே முடிவு செய்பவளாக அவள் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறாள்.

சார்லட் பிராண்டி 1847இல் வெளியிட்ட ‘ஜேன் எயர்’ நாவலிலும் இத்தகைய ஓர் இடம் உண்டு. திருமணத்துக்கு முன்தினம் ஜேனின் பெட்டிகள் கட்டப்பட்டுத் தயாராக இருக்கின்றன. ‘திருமதி ராச்செஸ்டர்’ என்று புதுப் பெயர் எழுதிய நான்கு சிறு அட்டைகளைப் பெட்டிகளில் பொருத்துவது மட்டுமே மீதம். அவள் பொருத்தவில்லை, பிறரைப் பொருத்த விடவும் இல்லை. அட்டைகள் இழுப்பறையிலேயே கிடக்கின்றன. மணமகனான ராச்செஸ்டரை அவள் ஆழமாக நேசிக்கிறாள். அதில் ஐயம் இல்லை. ஆனாலும் இன்னும் நிகழாத ஒன்றின் பெயரைத் தன்மீது ஒட்டிக்கொள்ள அவளால் முடியவில்லை. ஜேனின் நேர்மையைப் பற்றிப் பிறர் சொல்லும் எந்தப் புகழுரையைவிடவும் இந்த நான்கு அட்டைகள் உறுதியான சாட்சி.

ஜெயகாந்தன் 1966இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழை நாளில் முன்பின் அறியாத ஒருவன் காரில் ஏற்றிச் சென்று தன்னைக் கெடுத்ததைச் சொல்லி அழும் மகளின் தலையில் தாய் நீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று தேற்றுகிறாள். அதன் தொடர்ச்சியாக எழுந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அந்த நீர் ஊற்றப்படுவதில்லை. தாயின் கூக்குரலால் எல்லோருக்கும் தெரிந்துபோகிறது. நாவலின் கங்கா, தன் வாழ்வில் நடக்காத அந்த முடிவைக் கொண்ட கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். அவளுடைய கசப்பையும் தனிமையையும் படிக்க விரும்புபவர், கொடுக்கப்படாத அந்த நீரிலிருந்து தொடங்கலாம்.

யாருடைய கண்கள்?

குறியீட்டை விளக்குவதற்கு முன் அதை நமக்குக் காட்டுபவர் யார் என்று பார்ப்பது கட்டாயம். டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில் நடன விருந்துக்கு அன்னா இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்தில் வர வேண்டும் என்று இளம்பெண் கிட்டி எதிர்பார்க்கிறாள். அன்னாவோ கறுப்பு வெல்வெட் ஆடையில் வருகிறாள். ஆடை கண்ணில் படாமல் அணிந்தவள் மட்டுமே தெரியும்படியாக அது அமைந்திருப்பதைக் கிட்டி வியந்து பார்க்கிறாள். அதே இரவில், தான் விரும்பும் விரான்ஸ்கியின் மனம் அன்னாவிடம் சாய்வதைக் கண்ட பிறகு, அந்த அழகிலேயே கொடுமையான ஏதோ ஒன்று இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. கறுப்பைக் கண்டதும் அது அன்னாவின் அழிவைக் குறிக்கிறது என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் அந்த ஆடையின் பொருள் கிட்டியின் மனத்தில் ஓர் இரவுக்குள் மாறுகிறது. அன்னாவைப் பற்றி அங்கே உறுதியாகச் சொல்லத் தக்கது, மற்றவர்கள் தனக்காக எண்ணி வைத்திருக்கும் நிறத்தில் அவள் வருவதில்லை என்பதும், தன்னை முன்னிறுத்தும் கலை அவளுக்குத் தெரியும் என்பதும் மட்டுமே. மீதம் கிட்டியின் வலி. இரண்டையும் தனித்தனியே எழுதினால் உங்கள் விளக்கத்துக்கு நம்பகத்தன்மை கூடும்.

நாயகியே கதையைச் சொல்லும் நாவல்களில் இன்னும் கூர்ந்த கவனம் வேண்டும். எந்தப் பொருளைக் கவனிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவளும் அவளே ஆதலால், அவள் எதை விரிவாக வருணிக்கிறாள், எதை ஒரு சொல்லில் கடந்து போகிறாள் என்பதே ஒரு சான்றாகிறது.

எல்லாக் குறியீடும் நாயகியைப் பற்றியதன்று

இயற்கை, வானிலை, விலங்கு ஆகியவற்றைக் குறித்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘ஜேன் எயர்’ நாவலில் ராச்செஸ்டர் தன் காதலைச் சொல்லும் இரவில் தோட்டத்துக் கஷ்கொட்டை மரத்தை இடி பிளக்கிறது. அது வலிமையான குறியீடுதான். ஆனால் வரப்போகும் பிரிவை முன்னறிவிக்கும் நிமித்தமே தவிர, ஜேனின் குணத்தை அது காட்டவில்லை, ஏனெனில் அவள் அதை எதுவும் செய்யவில்லை. அவளுடைய முகத்திரை அப்படியன்று. ராச்செஸ்டர் விலையுயர்ந்த முகத்திரையை வரவழைக்கிறார். அவளோ தனக்கென எளிய வலைத்துணி ஒன்றை முன்பே ஆயத்தம் செய்து வைத்திருக்கிறாள். விலையுயர்ந்தது கிழிக்கப்பட, மணநாளில் எளியதையே அணிகிறாள். நிமித்தத்தையும் குணத்தையும் பிரித்தறியும் பழக்கம் வந்துவிட்டால், உங்கள் பட்டியலில் பாதி தானாகக் குறைந்துவிடும். குறைவது நல்லது.

நிறங்களுக்கும் பூக்களுக்கும் ஆயத்த அகராதிப் பொருளைக் கொண்டு வந்து பொருத்துவதைத் தவிருங்கள். வெண்மை ஒரு பண்பாட்டில் மணக்கோலத்தின் நிறம், இன்னொன்றில் துக்கத்தின் நிறம். அந்த நாவலுக்குள் அந்த நிறம் முன்பு எங்கே வந்தது என்பதுதான் உங்களுக்கு உரிய அகராதி.

முடிவைச் சோதித்தல், பிறகு எழுதுதல்

விளக்கம் ஒன்று உருவானதும் அதைச் சில கேள்விகளுக்கு உட்படுத்துங்கள். அந்தப் பொருளைக் கதையிலிருந்து நீக்கிவிட்டால் நாயகியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஏதேனும் குறையுமா? குறையாது என்றால் அது அலங்காரம். அதற்குப் பதிலாக வேறொரு பொருளை வைத்தாலும் இதே விளக்கம் பொருந்துமா? பொருந்துமானால் உங்கள் விளக்கம் மிகப் பொதுவானது; எரிக்கப்பட்டது பூங்கொத்தாக இல்லாமல் கடிதமாக இருந்திருந்தால் கம்பி குத்தியிருக்காது, எம்மாவின் தூண்டப்பட்ட கணமும் இருந்திருக்காது. உங்கள் விளக்கத்துக்கு எதிராக நிற்கும் காட்சி நாவலில் எங்கேனும் உண்டா? இருந்தால் அதை மறைக்காமல் உள்ளே கொண்டுவந்து பேசுங்கள். ஹெஸ்டர் எழுத்தைக் கழற்றியதைச் சொல்பவர், மீண்டும் அணிந்ததையும் சொல்லியாக வேண்டும்.

எழுதும்போது, ‘சிவப்பு எழுத்து பாவத்தைக் குறிக்கிறது’ என்பது போன்ற வாக்கியங்களைக் கட்டுரையின் நடுவில் வைக்காதீர்கள். ‘தண்டனையாக வந்த எழுத்தை ஹெஸ்டர் தங்க இழையால் தைக்கிறாள், கீழ்ப்படிவதிலேயே எதிர்ப்பைக் காட்டத் தெரிந்தவள் அவள்’ என்ற அமைப்பில் எழுதுங்கள். வாக்கியத்தின் எழுவாய் நாயகியாக இருக்கட்டும், பயனிலை அவள் செய்த செயலாக இருக்கட்டும். அதன் பிறகே குணத்தைப் பற்றிய உங்கள் தீர்ப்பு வரட்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு பொருள், மிஞ்சினால் எதிரெதிராக நிற்கும் இரண்டு பொருள்கள் போதும். பொருள் முதலில் வரும் இடம், அது மாறும் இடம், கடைசியாக வரும் இடம் என்று மூன்று காட்சிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வினைச்சொல் இருக்கும் வாக்கியத்தை மட்டும் மேற்கோளாகத் தாருங்கள். நீண்ட மேற்கோள்கள் வாசகரின் கவனத்தைச் செயலிலிருந்து வருணனைக்குத் திருப்பிவிடும்.

இரண்டு விளக்கங்களும் எல்லாச் சோதனைகளையும் தாண்டி நிற்கும் சந்தர்ப்பங்கள் வரும். ஹெஸ்டர் திரும்பி வந்து எழுத்தை அணிந்தது தவத்துக்காகவா, அந்த எழுத்தோடு சேர்ந்தே தான் இன்னாராக ஆனதை ஏற்றுக்கொண்டதாலா என்பது அத்தகைய ஒன்று. அங்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டையும் எழுதி, நீங்கள் சேர்த்து வைத்த வினைகளில் எவை எந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கின்றன என்பதைப் பக்க எண்ணோடு காட்டிவிடுங்கள்.